குயவர் மகனுக்காகக் கலைந்த கிளப்

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் விட்டுவிட்டால் நம் பள்ளத்தாக்கில் பந்து உருளத் தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று முல்லைப் பெரியாற்றை ஒட்டிய ஊர்களில் பள்ளி மைதானம் கிடைத்தால் பள்ளி மைதானம். கிடைக்காவிட்டால் தண்ணீர் வற்றிய குளம். அதுவும் இல்லையென்றால் நெல் அறுத்துக் காய்ந்து கிடக்கும் வயல். விடியுமுன்னே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போன பையன், சாயங்காலம் குமுளி இறங்கி வந்து முகம் கழுவின கையோடு ஆட வந்து நிற்பான். மலைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்து இங்கே அதே மாதிரி ஆடிக் காட்டுகிறவர்களும் உண்டு. பெரியகுளம் கூடைப்பந்துக்குப் பேர்போன ஊர். ஆனால் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சுலபமாக எட்டுகிற விளையாட்டு கால்பந்துதான். வளையம் வேண்டாம், சிமெண்டுத் தரை வேண்டாம். ஒரு பந்தும் நாலு கல்லும் போதும்.

பந்து வந்ததும் டீம் வரும். டீம் வந்ததும் அதற்கு ஒரு பெயர், பனியன், சந்தா நோட்டு. இந்த நோட்டுதான் முக்கியம். யார் பெயர் அதில் ஏறுகிறது, யார் பெயர் ஏறவில்லை என்பதைப் பார்த்தாலே அந்த ஊரின் கதை தெரிந்துவிடும். பல ஊர்களில் ஒரே நோட்டுதான், மறுப்பதற்கில்லை. சில ஊர்களில் இரண்டு நோட்டு. ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று.

நாம் அறிந்த ஓர் ஊரில் ஊர் டீமுக்கு நல்ல கோல்கீப்பர் இல்லை. காலனியில் ஒருவன் இருந்தான். பந்தயத்துக்கு முந்தின நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனான். நின்றான். ஜெயித்தார்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனபோது அவனும் கூடவே போனான். ராத்திரி ஒரு வீட்டு மாடியில் கறிச்சோறு. அவனுக்கு மட்டும் பொட்டலம் கட்டி வாசலுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அவன் அந்தப் பொட்டலத்தைப் பள்ளிக்கூடச் சுவரின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். மறு வருஷமும் ஆள் வந்தது. அவன் போகவில்லை. ஊரின் பெயர் இங்கே வேண்டாம். படிக்கிறவர்களில் பலருக்கு அது தங்கள் ஊர் மாதிரியே தோன்றும்.

அந்தப் பொட்டலத்தை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வங்காளத்துக்காரர் ஒருவர் நினைவுக்கு வருவார். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று அழைக்கப்படும் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி. தமிழில் இந்தப் பெயரைப் படித்ததும் மாணவர்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. சர்வாதிகாரி என்பது அவர் குடும்பத்துக்குப் பழைய காலத்து அரசு உத்தியோகத்தால் வந்த பட்டப்பெயர். வங்காளிகள் சர்பாதிகாரி என்று உச்சரிப்பார்கள். பெயர் அப்படி இருந்தாலும், தன் கையில் இருந்த அதிகாரத்தை ஒருமுறை ஒரு குயவர் மகனுக்காகத் தூக்கிப் போட்டவர் அவர். கால்பந்துக்கு அவர் செய்தது பெரிய காரியம். அதைவிட நமக்கு வேண்டியது இந்த ஒரு காரியம்தான்.

நாகேந்திர பிரசாத் 1869-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். அப்பா சூர்ய குமார் பெயர்பெற்ற மருத்துவர். அண்ணன்மாரில் ஒருவரான தேவ பிரசாத் பின்னாளில் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர். சோற்றுக்கும் படிப்புக்கும் குறைவில்லாத, மேல்சாதி வீடு. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இது நம் ஆளின் கதை அல்ல. எதிர்ப் பக்கத்து வீட்டில் பிறந்த ஒருவர் என்ன செய்தார் என்ற கதை.

அவருக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்ததாக ஒரு சம்பவத்தை வங்காளத்தில் எல்லோரும் சொல்வார்கள். அம்மா கங்கையில் குளிக்கக் குதிரை வண்டியில் போகிறார். பையனும் கூட இருக்கிறான். வழியில் மைதான் என்று சொல்லப்படும் பெரிய திடல். அங்கே வெள்ளைக்காரர்கள் பந்து உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓரமாக நின்று பார்க்கிறான். பந்து அவன் காலடிக்கு உருண்டு வருகிறது. கையில் எடுத்துப் பார்க்கிறான். திருப்பி உதைக்கச் சொல்கிறார் ஒரு வெள்ளைக்காரர். உதைக்கிறான். அவ்வளவுதான் சம்பவம். இந்தியர் ஒருவர் கால்பந்தை உதைத்தது அதுதான் முதல் தடவை என்று சொல்கிறவர்களும் உண்டு. அது கொஞ்சம் கூடுதல் என்றே நமக்குப் படுகிறது. பட்டாளத்து முகாம்களில் எடுபிடி வேலை பார்த்த பையன்கள் எத்தனை பேர் அதற்கு முன்பே பந்து பொறுக்கிக் கொடுத்திருப்பார்கள்! அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நாகேந்திரன் தான் படித்த ஹேர் பள்ளியில் கூட்டாளிகளைச் சேர்த்தான். காசு வசூலித்துக் கடைக்குப் போய்ப் பந்து வாங்கி வந்தார்கள். பள்ளி வளாகத்தில் உதைத்தார்கள். பந்து ஒரு பக்கம் எத்தினால் இன்னொரு பக்கம் ஓடியது. காரணம், அவர்கள் வாங்கி வந்தது கோழிமுட்டை வடிவத்து ரக்பி பந்து. சிரிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களே இரண்டையும் கலந்துதான் வைத்திருந்தார்கள். 1872-இல் தொடங்கிய கல்கத்தா ஃபுட்பால் கிளப்பே முதலில் ரக்பி கிளப்தான். 1878-இல் அதை மூடியபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் ஆடுகிற கல்கத்தா கோப்பை அதுதான். நம் நாட்டு வெள்ளிக்காசு!

ஹேர் பள்ளிக்குப் பக்கத்தில் பிரசிடென்சி கல்லூரி. அங்கே ஸ்டாக் என்று ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். பையன்கள் கண்டபடி உதைப்பதைப் பார்த்துவிட்டு, இது இந்த விளையாட்டுக்கான பந்து இல்லை என்று எடுத்துச் சொல்லி, சரியான பந்தைக் கொடுத்து ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பையன்கள் பாய்ஸ் கிளப் என்று ஒன்று தொடங்கினார்கள். இந்தியர்கள் தாங்களாகவே கால்பந்துக்கு அமைத்த முதல் சங்கங்களில் ஒன்று அது. பிறகு பிரெண்ட்ஸ் கிளப், பிரசிடென்சி கிளப் என்று அடுத்தடுத்துப் பெயர்கள். நாகேந்திரனுக்கு கிளப் தொடங்குவது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆள் நல்ல உடற்கட்டு. முன்வரிசையில் ஆடுவார். கிரிக்கெட்டும் ரக்பியும் தெரியும். வங்காளிகள் உடம்பில் வலுவில்லாதவர்கள், எழுதத்தான் லாயக்கு என்று வெள்ளைக்காரர்கள் எழுதியும் பேசியும் வந்த காலம் அது. சில சாதிகளைப் போர்க்குணம் உள்ளவை என்றும் சிலவற்றை இல்லாதவை என்றும் பட்டாளத்தில் பிரித்துவைத்த காலமும் அதுதான். அந்த அவமானத்துக்குப் பதில் சொல்ல வங்காள மேல்சாதி இளைஞர்கள் மைதானத்தில் இறங்கினார்கள்.

1884-இல் நாகேந்திர பிரசாத் வெல்லிங்டன் கிளப்பைத் தொடங்கினார். அதுவரை தொடங்கியவற்றில் பெரியது அதுதான். நல்ல வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லப்பட்டவர்கள் நிறையச் சேர்ந்தார்கள். அந்தக் கிளப்பில் சேர மணி தாஸ் என்ற இளைஞர் வந்தார். அவர் அப்பா மண்பானை வனைகிற குயவர். நாகேந்திர பிரசாத் அவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உறுப்பினர்களில் பலர் முடியாது என்றார்கள். மணி தாஸ் ஆடத் தெரியாதவர் என்பது காரணமல்ல. குயவர் மகன் என்பதுதான் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்காளத்தில் குயவர்கள் தீண்டப்படாதவர் பட்டியலில் இல்லை. அவர்கள் கையால் மேல்சாதிக்காரர் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்று சாத்திரக்காரர்களே ஒத்துக்கொண்ட சாதிகளில் ஒன்று அது. அவர்கள் செய்த பானையில்தான் அத்தனை பேர் வீட்டிலும் சோறு வெந்தது, சாமிக்குப் பொங்கல் வெந்தது. தண்ணீர் வாங்கலாம், பானை வாங்கலாம். ஒரே கிளப்பில் உறுப்பினர் ஆகக் கூடாது. குயவருக்கே இந்தக் கதி என்றால் டோம், முச்சி, பாக்தி, நாமசூத்திரர் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வந்து கேட்டிருக்கவே முடியாது. நாமசூத்திரர்களை அப்போது சண்டாளர் என்றே அரசாங்கத் தாளில் எழுதினார்கள். 1872, 73-இல் பரீத்பூர் பக்கம் அவர்கள் மேல்சாதிக்காரர்களுக்கு வேலை செய்ய மாட்டோம் என்று ஊர் ஊராக வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கிளப்பில் உட்கார்ந்து மறுத்தவர்களுக்கு அந்தச் செய்தி தெரியாமல் இருந்திருக்காது.

நாகேந்திர பிரசாத்துக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. பெரும்பான்மை அப்படிச் சொல்கிறது, நான் என்ன செய்ய என்று மணி தாஸிடம் கையை விரித்திருக்கலாம். தான் மட்டும் விலகிக் கௌரவமாக ஒதுங்கியிருக்கலாம். நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த நடுவழியும் இருந்தது: ஆட மட்டும் கூப்பிட்டுக்கொள், நோட்டில் பெயர் எழுதாதே, சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடு. இதில் எதையும் அவர் செய்யவில்லை. கிளப்பையே கலைத்துவிட்டார். தான் வளர்த்த கிளப், தன் வயதுக் கூட்டாளிகள், மைதானத்தில் இடம், எல்லாவற்றையும். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கல்லூரியில் முதல், இரண்டாம் ஆண்டு படிக்கிற மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அந்த வயதில் நம்மோடு இருக்கிற கூட்டத்தை எதிர்த்து நிற்பது எத்தனை கஷ்டம் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடுத்து அவர் தொடங்கியது சோவாபஜார் கிளப். அதில் முதலில் சேர்க்கப்பட்ட உறுப்பினர் மணி தாஸ்.

இந்தக் கிளப்புக்குப் பின்னால் சோவாபஜார் ராஜ குடும்பம் நின்றது. நாகேந்திர பிரசாத் அந்தக் குடும்பத்துப் பெண்ணை மணந்தவர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜிதேந்திர கிருஷ்ண தேவ் கிளப்பை அவரோடு சேர்ந்து நடத்தினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே குடும்பத்துப் பெரியவரான ராதாகாந்த தேவ்தான் ஐம்பது அறுபது வருஷத்துக்கு முன்னால், உடன்கட்டை ஏறுவதைத் தடைசெய்த 1829-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தர்ம சபை என்று ஒன்றைக் கூட்டி நின்றவர். அந்த வீட்டுப் பெயரைத் தாங்கிய கிளப்பின் முதல் உறுப்பினர் ஒரு குயவர் மகன்! வீடுகளும் மாறத்தான் செய்கின்றன. யாராவது ஒருவர் உள்ளேயிருந்து பிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜா வீட்டுப் பணமும் மேல்சாதிப் பெயரும் இல்லாத ஒருவர் இதே காரியத்தைச் செய்திருந்தால் கிளப் பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம். மணி தாஸ் தானே ஒரு கிளப் தொடங்கியிருந்தால் அவருக்கு மைதானத்தில் இடம் யார் கொடுத்திருப்பார்கள்?

மைதானத்தில் சோவாபஜார் என்ன செய்தது என்பதும் கொஞ்சமல்ல. 1889-இல் கல்கத்தாவில் டிரேட்ஸ் கோப்பைப் பந்தயம் தொடங்கியது. அதில் ஆடிய ஒரே இந்திய அணி சோவாபஜார். மற்றதெல்லாம் வெள்ளைக்காரப் பட்டாளங்களும் அவர்களுடைய கிளப்புகளும். 1892-இல் அதே பந்தயத்தில் ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டை சோவாபஜார் 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர்களை வங்காளிகள் தோற்கடித்தார்கள் என்ற செய்தி கல்கத்தாவைக் கலக்கியது. மோகன் பகான் 1911-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை அதே 2-1 கணக்கில் வென்றதை நாடே கொண்டாடுகிறது. பதினொரு பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் வெறுங்காலோடு ஆடிய ஆட்டம் அது. ஆனால் அதற்கு 19 வருஷத்துக்கு முன்னால் நடந்ததைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

1893-இல் இந்தியக் கால்பந்து சங்கம், அதாவது ஐ.எஃப்.ஏ., கல்கத்தாவில் உருவானது. பெயரில்தான் இந்தியா. நிர்வாகம் நெடுங்காலம் வெள்ளைக்காரர் கையில். 1898-இல் கல்கத்தா லீக் பந்தயம் தொடங்கியபோது இந்திய அணிகளுக்கு அதில் இடமில்லை. மோகன் பகான் கேடயத்தை வென்று மூன்று வருஷம் கழித்துத்தான் இரண்டாம் டிவிஷனிலேயே அதைச் சேர்த்தார்கள். முதல் டிவிஷனில் ஒரே நேரத்தில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் ஆடக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு 1925 வரை இருந்தது. எத்தனை நன்றாக ஆடினாலும் இரண்டுக்கு மேல் இல்லை! வங்காளத்து மேல்சாதிக்காரர்கள் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். நியாயமான கொதிப்புத்தான். ஆனால் இதே பூட்டைத்தான் வெல்லிங்டன் கிளப்பில் அவர்கள் மணி தாஸ் முகத்துக்கு முன்னால் போட்டார்கள். வெள்ளைக்காரன் போட்ட பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது. தாங்கள் போட்டது தெரியவில்லை. அந்த இரண்டும் ஒரே பூட்டு என்று கண்டுகொண்டதுதான் நாகேந்திர பிரசாத்தின் தனித்தன்மை என்று நாம் நினைக்கிறோம்.

அந்தப் பந்து எதனால் ஆனது? தோலால். மாட்டுத் தோலைத் தொட்டுப் பதப்படுத்தி, வெட்டி, தைத்தவர்கள் யார்? இந்தியாவில் பந்து தைக்கும் தொழில் சியால்கோட்டில் வேரூன்றியது. நாடு பிரிந்த பிறகு அந்தத் தொழிலாளர்களில் பலர் ஜலந்தர் பக்கம் வந்து குடியேறினார்கள். அவர்களில் மிகப் பலர் தலித்துகள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெண்களும் பிள்ளைகளும் ஊசி பிடித்துத் தைத்த பந்துதான் ஊர் ஊராகப் போனது. தோலைத் தொட்டவன் தீட்டு. தோல் பந்தைத் தொட்டவன் விளையாட்டு வீரன். செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பிள்ளை செருப்புப் போட்டு ஊர்த் தெருவில் நடக்க முடியாத கதையை நம் தாத்தாமார் சொல்லிக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மேற்கே பூனாவில் அதே வருஷங்களில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அது நம் ஆளின் கதை. பல்வாங்கர் பாலு, தார்வாரில் பிறந்த சமார் சாதி இளைஞர், பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் தரையைச் சீராக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வலையில் அவர்களுக்குப் பந்து வீசி வீசியே இந்தியாவின் முதல் பெரிய பந்து வீச்சாளர் ஆனார். இந்து கிளப்புக்கு அவர் தேவைப்பட்டார், சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற மண் குவளையில். சாப்பாடும் தனித் தட்டில், தனியாக. 1906-இல் ஐரோப்பியர் அணியை இந்து அணி வென்றதற்கு அவர் பந்துவீச்சு பெரிய காரணம். 1911-இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்துத் திரும்பினார். இத்தனைக்கும் பிறகு கேப்டன் பதவி அவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் அது கிடைத்தது. பாலு 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். நம் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்ட அதே காகிதம். ஐந்து வருஷம் கழித்துப் பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அண்ணல் அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. பாலு தோற்றார். 1955-இல் காலமானார்.

கல்கத்தாவில் ஒரு குயவர் மகன் உள்ளே வரக் கூடாது என்றார்கள். பூனாவில் குயவர் செய்த குவளையைக் கொண்டே இன்னொருவரை வெளியே நிறுத்தினார்கள். பாலுவுக்கு ஆட இடம் கொடுத்தார்கள், உட்கார இடம் கொடுக்கவில்லை. நம் கோல்கீப்பர் பையனுக்கு நடந்ததும் இதுதான். பூனா கிளப்பில் ஒரு நாகேந்திர பிரசாத் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. அணி கலைந்திருக்கும், ஒருவேளை 1906 வெற்றியே வந்திருக்காது. அதற்குப் பதில் பாலு பெஞ்சில் உட்கார்ந்து கோப்பையில் தேநீர் குடித்திருப்பார். எது பெரிது என்பதில் நமக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. வெற்றிதான் வெட்கத்தை உண்டாக்கும், ஜெயித்துக் கொடுத்ததால்தான் பாலுவைப் பின்னாளில் உள்ளே கூப்பிட்டார்கள் என்று வாதிடுகிற பெரியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உண்மைதான், மெள்ள மெள்ளக் கூப்பிட்டார்கள். ஆனால் விக்கெட் எடுத்துக் கொடுத்தால்தான் கோப்பையில் தேநீர் என்றால், விக்கெட் எடுக்கத் தெரியாத பாலுகளுக்கு என்ன வழி? மணி தாஸ் எத்தனை கோல் அடிப்பார் என்று கணக்குப் பார்த்து நாகேந்திர பிரசாத் கிளப்பைக் கலைக்கவில்லை.

ஆளை ஒதுக்கியதால் கிளப் உடைந்த கதை கல்கத்தாவில் இன்னொன்றும் உண்டு. 1920-இல் ஜோராபகான் அணி, மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்துக்காரரான சைலேஷ் போஸைக் காரணம் சொல்லாமல் நீக்கியது. கோபித்துக்கொண்டு அதன் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி வெளியேறினார். அப்படிப் பிறந்ததுதான் இன்றைக்கு லட்சக்கணக்கான ரசிகர்கள் உள்ள ஈஸ்ட் பெங்கால் கிளப். அங்கே பிரச்சினை சாதியல்ல, ஊர். வங்காளத்தில் ஈஸ்ட் பெங்கால் கதையைச் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

மணி தாஸ் கதையோ நெடுங்காலம் கால்பந்து வரலாறு எழுதுகிறவர்களோடு நின்றுவிட்டது. 2021-இல் நாகேந்திர பிரசாத்தின் வாழ்க்கையை வைத்து கோலோந்தாஜ் என்று ஒரு வங்காளத் திரைப்படம் வந்தது. நடிகர் தேவ் நாகேந்திர பிரசாத்தாக நடித்தார். அதன் பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரிய வந்தது. படம் நாகேந்திர பிரசாத்தின் படம். வரலாற்றுப் புத்தகத்திலும் மணி தாஸுக்கு ஒரு பத்தி, சில இடங்களில் ஒரு வரி. கதவைத் திறந்தவரின் பெயரில் சினிமா இருக்கிறது. கதவைத் தட்டியவர் ஒரு வரி. தட்டுவதற்கும் தைரியம் வேண்டும். தன் அப்பா யார் என்று தெரிந்த ஊரில், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த கிளப்புக்குப் போய் என்னையும் சேர்த்துக்கொள் என்று முதலில் கேட்டது அவர்தான். அவர் கேட்டிராவிட்டால் நாகேந்திர பிரசாத் வெல்லிங்டன் கிளப்பின் செயலாளராகவே நல்ல பெயரோடு வயதாகியிருப்பார்.

நாகேந்திர பிரசாத் 1940-இல் காலமானார். அப்போது கல்கத்தா லீக்கில் இந்திய அணிகளுக்குப் போட்ட கட்டுப்பாடு போய்ப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் லீக்கை வென்று வெள்ளைக்கார அணிகளை ஓரங்கட்டியிருந்தது. சண்டாளர் என்ற பெயரை அரசாங்கம் எடுத்துவிட்டு நாமசூத்திரர் என்று எழுதத் தொடங்கியது 1911-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், மோகன் பகான் கேடயம் வென்ற அதே வருஷம். அந்த நாமசூத்திரர்களின் தலைவரான ஜோகேந்திரநாத் மண்டல்தான் 1946-இல், பம்பாயில் வழி அடைக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பிவைத்ததில் முன்னின்றவர். இதைப் பார்க்க நாகேந்திர பிரசாத் இல்லை.

நம் கோல்கீப்பர் பையனுக்கு இப்போது கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மலைக்கு ஜீப் ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலனிப் பையன்களுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். போன வருஷம் ஊருக்குள்ளிருந்து மூன்று பையன்கள் அவனிடம் கற்றுக்கொள்ள வந்தார்கள். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று தயங்கி நின்றார்களாம். அவன் நோட்டை எடுத்து அவர்கள் பெயரை எழுதிக்கொண்டான். ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் அவன் வீட்டுத் திண்ணையில் டீ. எவர்சில்வர் டம்ளர்தான், எல்லாம் ஒரே அளவு. மூன்று பேரில் இரண்டு பேர் குடித்தார்கள். ஒருவன் வயிறு சரியில்லை என்றான். இந்த வருஷம் அந்த மூன்றாவது பையனும் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டோம்.